உள்ளே மடித்து விட்ட துணி

என் சாமிக்கு,

உன்னைச் சாமி என்று கூப்பிட்டால் மாதா கோயிலில் சாமியார் திரும்பிப் பார்க்கிறார் என்று சின்ன வயதில் வெட்கப்படுவாய். இப்போது நீ எங்கேயோ இருக்கிறாய், நான் நாமக்கல்லில் இருக்கிறேன். எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதனால் தாராளமாகக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் கடுதாசி வந்து சேர்ந்தது. சண்டை முடிந்துவிட்டது, பட்டாளத்திலிருந்து உன்னை விட்டுவிடுகிறார்கள், கல்கத்தாப் பக்கம் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டாய், ஊருக்கு வருவதாக இல்லை. மோகனூரில் அமலத்தின் வீட்டாரிடம் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளும்படி நாங்கள் சொல்லிவிட வேண்டும். காரணம் மட்டும் கேட்கக் கூடாது. உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற தன் பஸ்ஸுக்கு மூட்டை ஏற்ற வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு.

காரணம் நான் கேட்கவில்லை, கண்ணு. எனக்குத் தெரியும். உன்னோடு அங்கே வேலை செய்த மல்லசமுத்திரத்துச் செல்லமுத்து லீவில் வந்தபோது வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான். உன் இடது கை இப்போது இல்லை. முழங்கைக்குக் கீழே என்றான். எவ்வளவு கீழே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ எழுதாமல் மறைத்ததை நான் எழுதிவிட்டேன். இனிமேல் நாம் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியதில்லை.

உனக்கு நான் ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணக் கோட்டுதான். முகத்தைச் சுளிக்காதே, முழுக்கப் படி. நீ கேட்டதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. ஆனால் எனக்கு நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை என்று உனக்குத்தான் தெரியுமே.

சின்ன வயதில் நீ இங்கிலீஷில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை எது, நினைவிருக்கிறதா? லூஸ். அந்த வார்த்தை பஸ் கம்பெனியிலிருந்து தான் கொண்டுவந்தது என்று உன் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பாதே. அது என் சீதனத்தோடு வந்தது. சேலத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார மதருக்குத் தமிழ் அரைகுறை. நாங்கள் தைத்துக் கொண்டுபோகிற குழந்தைச் சட்டையின் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழையாவிட்டால் முகம் சிவந்துவிடும். “லூஸ், லூஸ். பிள்ளை மூச்சு விடணும்” என்று சொல்லித் தையலைப் பிரித்துவிடுவார். அவருக்கு லூஸ் மதர் என்றே பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வார்த்தையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தமிழில் இதற்கு வார்த்தை இல்லாமல் இல்லை. கட்டு தளர்ந்தது என்கிறோம், முடிச்சு நெகிழ்ந்தது என்கிறோம், பல் ஆடுகிறது, வளையல் கழல்கிறது, சட்டை தொளதொளவென்று கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரன் சிக்கனக்காரன், எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். அதையும் நாம் வாங்கிக்கொண்டோம். கடைவீதியில் தேயிலை விற்கிறவர் “பாக்கெட்டா, லூஸுங்களா?” என்று கேட்கிறார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வயிற்றுப் போக்குக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார். உன் அப்பாவின் பஸ்ஸில் லூஸ் ஆகாத சாமானே கிடையாது. ஸ்டியரிங் லூஸ், கதவு லூஸ், சீட்டுக்கு அடியில் ஏதோ ஒன்று லூஸ், சேலத்தில் கிளம்பிப் பரமத்தி வேலூர் போய்ச் சேரும்வரை அது தாளம் போட்டுக்கொண்டே வரும். என்னோடு சண்டை வந்தால் அந்த ஸ்க்ரூவை என் தலைக்குள் வைத்துவிடுவார். “உங்கம்மாளுக்கு ஒரு ஸ்க்ரூ லூஸு, சாமி” என்று உன்னிடம் சொல்வார். நீ என் தலையைத் தடவித் தேடுவாய். அப்போது உனக்கு நாலு வயது இருக்கும்.

எனக்கு அந்த வார்த்தை என்றால் துணிதான். நீ வளர்கிற பிள்ளை. உனக்கு அளவாக நான் ஒரு சட்டையும் தைத்ததில்லை. தோளில் ஒரு மடிப்பு, கை நுனியில் ஒரு மடிப்பு, பக்கவாட்டில் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத் தைப்பேன். நீ வளர வளரப் பிரித்து விடுவேன். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு இருந்த கோடு மட்டும் புதுத்துணி நிறத்தில் தெரியும், மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். கையில் கோடு போட்ட ஏட்டையா என்று கூப்பிடுகிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அதற்கும் சேர்த்து அழுதாய். அந்தக் கோடுகள் எனக்கு எப்படி இருந்தன தெரியுமா? என் பிள்ளை இவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று தெருவுக்கே தெரியட்டும் என்று இருந்தது.

அப்புறம் நீ அப்பாவோடு பஸ் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தாய். சட்டையெல்லாம் கிரீஸ். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குக் கற்றுக்கொண்டதை என்னிடம் ஒப்பிப்பாய், எனக்குப் புரிகிறதா இல்லையா என்று கவலைப்பட மாட்டாய். முதல் நாள் நீ வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் வண்டி தரையில் நிற்கும்போதே எல்லா நட்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். உன் அப்பா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, “தூக்கிப்போட்டுப் பொறவு திருகுனா வண்டி ஆடும். ஆடுனா ஜாக்கி நழுவும். நழுவுனா ஆளு போயிருவான்” என்றார். நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று இருவரையும் திட்டினேன்.

நீ பட்டாளத்துக்குப் போவதென்று முடிவானபோது நான் செய்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு சட்டை தைத்தேன். உனக்கு அப்போது மீசை வந்துவிட்டது, உன் அப்பாவை விட ஒரு சாண் உயரம். ஆனாலும் என் கை பழக்கம் விடவில்லை. எங்கேயோ தூரத்துக்குப் போகிறான், எப்போது வருவானோ, அங்கே வளர்ந்தால் பிரித்து விட யார் இருக்கிறார்கள் என்று எல்லாப் பக்கமும் தாராளமாக வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு நீ நின்றபோது சட்டைக்குள் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது என்று எழுதினாய். மழை நாளில் நீயும் செல்லமுத்துவும் ஒரே சட்டைக்குள் தூங்கலாம் என்று அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். செல்லமுத்து என்ற பெயரை நான் முதலில் கேட்டது அந்தக் கடுதாசியில்தான்.

அந்தச் செல்லமுத்து வந்தான். வாசலில் நின்றுகொண்டே உள்ளே வர மாட்டேன் என்றான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. “உங்க பையன் தெனமும் சொல்லுவானுங்கம்மா, தூக்கறதுக்கு முந்தி நட்ட லூஸ் பண்ணோணும்னு. அன்னைக்கு அவசரமுங்க. நான் மறந்துட்டு லாரியத் தூக்கிப்போட்டுட்டனுங்க. அடியில உக்காந்து பலமாத் திருகுனேன், ஜாக்கி நழுவிருச்சுங்க. அவன்தான் ஓடியாந்து என்னைய வெளிய இழுத்தானுங்க. அவன் கை மாட்டிக்கிச்சுங்க.” இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே கையை ஓங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவன் நகரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவன் சட்டையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கழற்றிக் கொடுடா என்றேன். தைத்துக் கொடுத்தேன். அவன் வெற்று உடம்போடு உட்கார்ந்து அழுதான், நான் பொத்தான் தைத்துக்கொண்டே அழுதேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அவன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. உன் மேல்தான் இருக்கிறது. கை போனதற்காக இல்லை. அதைச் சொல்லாமல் எங்களை அன்னியர் மாதிரி நடத்துகிறாயே, அதற்காக.

கண்ணு, ஒன்று கேள். நீ உன்னையே ரொம்ப இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். வலியை யாருக்கும் காட்டக் கூடாது, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, யாரும் பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகத் திருகித் திருகி இறுக்குகிறாய். இறுகிப் போன நட்டைப் பாரத்தைத் தூக்கிய பிறகு திருகினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடு. எங்களிடம் தளர்த்தாமல் வேறு யாரிடம் தளர்த்துவாய்? அழ வேண்டுமானால் இங்கே வந்து அழு. உன் அப்பா பஸ்ஸுக்குக் கரி ஏற்றப் போய்விடுவார், அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். நான் இருப்பேன்.

அமலத்தை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். விடுவதற்கு அவள் உன் கையிலும் என் கையிலும் கயிறு கொடுத்துக் கட்டிய கன்றுக்குட்டி இல்லை. உன் கடுதாசி வந்த மறுநாளே நானும் உன் அப்பாவும் மோகனூர் போனோம். மறைத்துக் கல்யாணம் பேச எங்களுக்கு மனசு வரவில்லை. அவளுடைய அப்பா வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னோம், உன் கையையும் சொன்னோம், நீ எழுதியதையும் சொன்னோம். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. “பையன் நேருல வந்து நின்னு சொல்லட்டுங்க. கடுதாசிக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்லீங்க” என்றார். அமலம் அங்கே இல்லை. அல்லது இருந்து, வெளியே வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் ஊரைத் தாண்டும்வரை காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மணலில் குழி தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்துக் குடித்த இடம் எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ இல்லாத இடங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, சாமி. துணி உலர்த்தினால் உன் சட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொடி தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை ஆரம்பித்தேன். பைத்தியமா என்று உன் அப்பா கேட்டார். ஆமாம், ஸ்க்ரூ லூஸ் என்றேன். துணிக்கு எங்கே போவது? இந்த நாளில் கோட்டுத் துணி ரேஷனிலும் கிடையாது, கள்ளத்தனமாக வாங்க நமக்கு வசதியும் கிடையாது. அவரே பெட்டியைத் திறந்து, வேப்பிலைச் சருகை உதறிவிட்டு, தன் கல்யாணக் கோட்டை எடுத்து என் மடியில் போட்டார். நீ அவரைவிடத் தோள் அகலம், உனக்கு எப்படிப் பற்றும் என்று முதலில் மலைத்தேன். தையலைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன், அந்தக் காலத்துச் சேலத்துத் தையல்காரர் எல்லாப் பக்கமும் உள்ளே அவ்வளவு துணி விட்டு வைத்திருக்கிறார். வெளியே கறுப்பு மங்கியிருக்கிறது, உள்ளே அப்படியே புதிதாக இருக்கிறது. இத்தனை வருஷம் அவர் அதை உடம்பில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார், உனக்கான துணி உள்ளே இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உன் சட்டையில் தெரிந்த கோடு மாதிரி இந்தக் கோட்டிலும் தோள் ஓரமாக ஒரு கோடு தெரியும். இந்தத் தடவை நீ அழக் கூடாது.

வலது கையை முடித்துவிட்டேன். இடது கைக்கு வந்ததும் கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். குட்டையாக வெட்டுவதா, முழுசாக விட்டு ஊசி குத்தி மடக்கி வைப்பதா, என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டைத் தொடாமல் சில நாள் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அமலம் வந்தாள். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னாள். மோகனூரில் தையல்காரர் இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளுடைய அம்மா சமையல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அளவு எடுக்கும்போது அவள் கண் என் மேல் இல்லை, மெஷின் மேல் கிடந்த கோட்டின் மேல் இருந்தது. கிட்டப் போய் அதன் இடது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“இதென்னங்க அத்தை, இந்தக் கை மட்டும் தைக்காமெ கெடக்குது?”

நான் ஒளிக்கவில்லை. “எவ்வளவுல வெட்டறதுன்னு தெரியல அம்மிணி. நீளமா உட்டா வெறுங்கையா தொங்கும். அவனுக்கு மனசு சங்கடப்படும்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அந்தத் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “வெட்டிப்போடாதீங்க அத்தை. உள்ள மடிச்சுத் தச்சிருங்க. மாமா கோட்டப் பிரிச்சு இவீங்களுக்குத் தைக்கறீங்களே, நாளைக்கு இதப் பிரிச்சு எம்பையனுக்குத் தைக்கறப்ப துணி பத்தாமெப் போயிரும்ங்க.”

அவள் அப்பா என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மா சமையல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போகும்போது அமலம் ரவிக்கைத் துணியைக் கொடுக்கவே மறந்துவிட்டாள். கொண்டுவந்திருந்தால்தானே கொடுப்பதற்கு. சாமியார் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை படிக்கட்டுமா என்று என்னை இரண்டாம் தடவையாகக் கேட்டுவிட்டார். கோட்டு முடியட்டும் சாமி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர்கள் போனதும் உட்கார்ந்து அந்தக் கையை முழு நீளத்துக்கும் தைத்தேன், ஒரு விரல் துணிகூட வெட்டவில்லை. மடிப்புக்கு மட்டும் உத்தேசமாக ஓட்டுத் தையல் போட்டிருக்கிறேன், வெள்ளை நூலில், இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி. இனி அதில் என் வேலை ஒன்றும் ஓடாது. கோட்டை ஆள் மேல் போட்டுப் பார்க்காமல் எந்தத் தையல்காரரும் முடிக்க மாட்டார்.

அதனால் கல்யாணத்துக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. கல்கத்தாவுக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. கோட்டு போட்டுப் பார்க்க வா. சேலத்தில் ரயிலை விட்டு இறங்கினால் உன் அப்பாவின் பஸ் வெளியே நிற்கும், ஸ்டியரிங் லூஸ்தான், ஆனாலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். எங்கே மடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, சாமி. அதை அளந்து கடுதாசியில் எழுதி அனுப்பிவிடாதே. அந்த அளவை நான் காகிதத்தில் படிக்க மாட்டேன். வந்து என் முன்னால் நில், கையை நீட்டு, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா